ஒரே கிணறு உள்ள தெரு

மணப்பாட்டுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதலில் ஏறிப் பார்ப்பது குன்றின் மேல் நிற்கும் திருச்சிலுவை ஆலயத்தை. அடுத்து, அதே குன்றில் கடலைப் பார்த்திருக்கும் குகையை. 1542-இல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கிய இடம் என்று சொல்கிறார்கள். அங்கே ஒரு கிணறு உண்டு. அலை அடிக்கும் தூரத்தில் கிணறு. தண்ணீரோ உப்புக் கரிக்காது. திருச்செந்தூரில் நாழிக்கிணற்றின் முன்னால் நின்று பக்தர்கள் அடையும் அதே வியப்பை இங்கே வருகிறவர்களும் அடைகிறார்கள். உள்நாட்டில் தேரிக்காட்டுக்குள் போனால் மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் இருக்கிறார். சாமியின் பெயரே சுனையைக் காத்தவர் என்பதுதான். நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்தையெல்லாம் இந்தக் கரை மக்கள் கும்பிட்டு வைத்திருக்கிறார்கள். எவ்வளவு அரிதாக இருந்திருந்தால் கும்பிட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் அதிசயத்துக்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. மழைத் தண்ணீர் மணலில் இறங்குகிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் எடை கூடியது. அதனால் மணலுக்கு அடியில் ஊடுருவி நிற்கும் உப்புநீரின் மேல், எண்ணெய் மிதப்பதைப் போல நன்னீர் ஒரு படலமாக நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் எடையைத் தாங்கிக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடிநீர் அறிவியல் சொல்லும் விதி. இதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. மேலே ஒரு மீட்டரை மோட்டார் போட்டு இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 மீட்டர் ஏறி வரும். ஒரே நாளில் வராது. ஆனால் வந்த உப்பு லேசில் திரும்பிப் போகாது. சில நல்ல மழைக்காலங்கள் வேண்டும். அதுவரை மோட்டாரும் ஓடக்கூடாது.

மணப்பாட்டில் கடலில் சேரும் கருமேனியாறு மழையை நம்பிய ஆறு. ஆண்டின் பெரும்பகுதி முகத்துவாரத்தை மணல்மேடு அடைத்துக் கிடக்கும். உள்நாட்டில் குதிரைமொழித் தேரி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் மேடுகள். இந்த மணல்தான் இந்த வட்டாரத்தின் தண்ணீர்த் தொட்டி. பெய்கிற மழையை ஓடவிடாமல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பனைக்கும் முருங்கைக்கும் மனிதனுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. இந்தத் தொட்டியின் மேல்தான் இப்போது பெரிய வேலைகள் நடக்கின்றன. குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கல்லாமொழியில் உடன்குடி அனல்மின் நிலையம். தலா 660 மெகாவாட் திறனில் இரண்டு அலகுகள். இரண்டும் நாட்டுக்கு வேண்டியவை என்கிறார்கள். இருக்கட்டும். இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. ஒரு வட்டாரத்தின் தண்ணீரும் காற்றும் மாறும்போது, அது முதலில் யார் வீட்டுக் குடத்தில் தெரியும்?

என் அனுபவத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் ஊர் இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம். இதே மாவட்டம்தான், பெயர் வேண்டாம். ஊருக்குள் மூன்று கிணறு. காலனியில் ஒன்று. ஊர்க் கிணறு ஒன்று வற்றினால் அவர்கள் அடுத்த கிணற்றுக்குப் போனார்கள். எங்கள் கிணறு உவர்த்தபோது எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போய் ஓரமாக நிற்பாள். கயிற்றையோ வாளியையோ தொடக்கூடாது. "ஆச்சி, ஒரு கொடம் ஊத்துங்க ஆச்சி" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்பாள். மனது வந்தவர்கள், "கொடத்தத் தள்ளி வை" என்று சொல்லிவிட்டு எட்டி நின்று ஊற்றுவார்கள். பாதி உள்ளே, பாதி வெளியே. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். சமையலுக்கு மட்டும்தான் அந்தத் தண்ணீர். குடிப்பதற்கு எங்கள் கிணற்று உவர்நீரே. விருந்தாளி வந்தால் மட்டும் நல்ல தண்ணீர் கொடுப்பாள். எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பள்ளிக்கூடம் போன பிறகுதான் தண்ணீருக்கு ருசி கிடையாது என்று பாடப் புத்தகத்தில் படித்தேன். ஆசிரியரிடம் மறுத்துப் பேசத் துணிச்சல் இல்லை.

இப்போது குழாய் வந்துவிட்டது, கயிறு இல்லை, வாளி இல்லை. ஆனால் 'வேறு இடம் இல்லை' என்ற நிலை மட்டும் அப்படியே இருக்கிறது. அது அரசு ஆவணத்திலேயே இருக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் எண் 10500. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு அளவுகள் போட்டிருக்கும். முதலாவது, ஏற்கத்தக்க அளவு. இரண்டாவது, 'மாற்று ஆதாரம் இல்லாதபோது' அனுமதிக்கத்தக்க அளவு. கரைந்திருக்கும் மொத்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு ஆதாரம் இல்லையென்றால் 2,000 வரை. குளோரைடு 250, வேறு வழி இல்லையென்றால் 1,000. கடினத்தன்மை 200, வழி இல்லையென்றால் 600. இதை எழுதியவர்கள் சாதியை மனதில் வைத்து எழுதவில்லை. வறண்ட பகுதியில் தண்ணீரே இல்லாமல் போவதைவிட உவர்நீராவது கிடைக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? மூன்று கிணறு உள்ளவருக்கு 500, ஒரே கிணறு உள்ளவருக்கு 2,000. ஒரு கிராமத்துக்குள்ளேயே இரண்டு தரம். நான்கு மடங்கு உப்பைக் குடித்துக்கொண்டு, "தண்ணீர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். அந்தப் பதிலில் பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

நைட்ரேட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம். மாற்று ஆதாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வளவுதான். கைக்குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் திறனை அது கெடுத்துவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு. நம் தெருக்களில் நைட்ரேட் எங்கிருந்து வருகிறது? வயலுக்குப் போடும் உரத்திலிருந்து வரலாம். அதைவிடப் பக்கத்தில் ஒரு காரணம் இருக்கிறது. காலனி வீட்டுமனை பெரும்பாலும் 3 சென்ட். அந்த 3 சென்டுக்குள் வீடு, குளியலறை, கழிப்பறைக் குழி, கைப்பம்பு எல்லாம் அடங்க வேண்டும். கழிப்பறை உறிஞ்சுகுழிக்கும் குடிநீர் ஆதாரத்துக்கும் இடையே குறைந்தது 10 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். 3 சென்டில் 10 மீட்டரை எந்தப் பக்கம் அளப்பது? அதுவும் இந்தக் கரையோர மணலில். மணல் மழைநீரை எவ்வளவு வேகமாக இறக்குமோ, குழியின் கழிவையும் அவ்வளவு வேகமாக இறக்கும். திறந்தவெளிக் கழிப்பிடம் ஒழிந்தது என்ற பலகைக்குக் கீழேயே கிணறு கெட்டுக்கொண்டிருக்கலாம். இது கழிப்பறைக்கு எதிரான பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனை அளவைப் பற்றிய பேச்சு.

குழாய்த் தண்ணீர் கெடும் விதம் வேறு. கூட்டுக் குடிநீர்க் குழாய் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடியும். காலனி பெரும்பாலும் பள்ளத்தில், கடைசியில். தண்ணீர் எந்நேரமும் வருவதில்லை. நின்றுபோகும் நேரத்தில் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகும். சாக்கடையை ஒட்டிப் போகும் குழாயில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும், வெளியே தேங்கிய நீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்த நாள் தண்ணீர் திறக்கும்போது அதுதான் முதலில் குடத்தில் விழும். "வந்த உடனே பிடிக்காதே, கொஞ்ச நேரம் ஓடவிடு" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வது இதனால்தான். ஆனால் கடைசிக் குழாயில் தண்ணீர் வருவதே கால் மணி நேரம் என்றால், எவ்வளவு நேரம் ஓடவிடுவது?

இதுவரை சொன்னவை அலட்சியத்தால் கெடுவது. வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட தண்ணீரும் நம் மாவட்டத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1995 ஆகஸ்ட் 31. ஓட்டப்பிடாரம் பகுதியில் உள்ள கொடியன்குளம் என்ற தலித் கிராமத்துக்குள் சுமார் 600 போலீசார் நுழைந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய பணத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த ஊர் அது. வீடு வீடாகப் புகுந்து மின்விசிறி, தொலைக்காட்சிப் பெட்டி, தையல் எந்திரம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் உடைத்தார்கள். கூடவே ஊர்க் குடிநீர்க் கிணற்றில் நஞ்சு கலக்கப்பட்டது என்பதையும் மனித உரிமை அமைப்புகளும் அன்றைய பத்திரிகைகளும் பதிவு செய்திருக்கின்றன. பெட்டி உடைந்தால் வேறு வாங்கலாம். கிணற்றை ஏன் கெடுத்தார்கள்? அந்த ஊரை இருக்கவிடாமல் செய்ய அதுதான் சுருக்கமான வழி என்பது கெடுத்தவருக்குத் தெரிந்திருந்தது.

27 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 26-இல், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதற்கு முன்பே குழந்தைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். விசாரிக்கச் சென்ற ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளையையும் அங்கே கண்டார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையில் அதே குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேரின் பெயர்கள் இருந்தன. அந்த மக்களும் பல கட்சிகளும் அதை ஏற்க மறுத்து சிபிஐ விசாரணை கேட்டார்கள். அந்த வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தக் குடியிருப்புக்குத் தனித் தொட்டி என்ற ஏற்பாடு இல்லாமல், ஊர் முழுவதற்கும் ஒரே தொட்டி என்று இருந்திருந்தால், யாராக இருந்தாலும் அதில் கைவைக்க யோசித்திருப்பார்கள்.

தீட்டு வேறு, மாசு வேறு என்று இந்த நாட்டுக்கு முதலில் எடுத்துக் காட்டியது மகாத் போராட்டம்தான். 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். சாதி இந்துக்கள் குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று சொல்லி, 108 பானைகளில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து அதில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். இன்றைய ஆய்வகத்தில் இரண்டு நாளின் தண்ணீரையும் சோதித்திருந்தால் எது கெட்ட தண்ணீர் என்று முடிவு வந்திருக்கும்? நம் மாகாணத்திலும் 1924-லேயே இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, பொதுக் கிணறு எல்லோருக்கும் உரியது என்று சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவில் கிணறும் குளமும் படித்துறையும் பெயர் சொல்லி இடம்பெற்றிருப்பதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 3(1)(எக்ஸ்) என்ற உட்பிரிவு, பட்டியல் சமூகத்தார் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர் ஆதாரத்தைக் கெடுப்பதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. சாக்கடையைத் திருப்பிவிட்டுக் காலனிக் கிணற்றைக் கெடுப்பவருக்கும் இது பொருந்தும் என்பதைப் பலர் அறிவதில்லை.

காற்றுக்கு வருவோம். கிணற்றைப் போலக் காற்றைத் தனியாகப் பிரித்து வைக்க முடியாது, எல்லோருக்கும் ஒரே காற்றுதானே என்று தோன்றலாம். பாதிதான் உண்மை. குப்பைமேடு எங்கே இருக்கிறது, செங்கல் சூளை எங்கே இருக்கிறது, சுடுகாட்டுக்குப் பக்கத்தில் எந்தத் தெரு இருக்கிறது என்று உங்கள் ஊரில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பிளாஸ்டிக்கோடு சேர்த்துக் குப்பையைக் கொளுத்தும்போது முதலில் மூச்சில் வாங்குகிறவர் அதைக் கொளுத்தச் சொல்லி அனுப்பப்பட்ட தூய்மைப் பணியாளர். கழிவுநீர்த் தொட்டிக்குள் மூடிக்கிடக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் காற்று மாசுதான். சில நொடிகளில் ஆளை மயங்க வைத்துக் கொல்லும் மாசு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் மரணங்கள் தொடர்ந்ததால்தான், 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. எந்தக் காற்றுமானியும் அந்தத் தொட்டிக்குள் வைக்கப்படுவதில்லை.

தூத்துக்குடி மாநகரம் 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கும் நகரம். அனல்மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூளும் அங்கே புதிய செய்தி அல்ல. ஆனால் மணப்பாடு, உடன்குடிப் பக்கத்தில் இதுவரை பெரிய புகைபோக்கி இருந்ததில்லை. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். வாடைக் காற்று வீசும் ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் கல்லாமொழியிலிருந்து காற்று குலசேகரப்பட்டினம், மணப்பாடு, அதற்கு மேற்கே உள்ள ஊர்களின் பக்கம் போகும். அந்த மாதங்களில்தான் மழையும் பெய்கிறது. காற்றில் மிதப்பதை மழை கீழே கொண்டுவரும். கீழே இருப்பது அதே மணல், அதே தண்ணீர்த் தொட்டி. கண்காணிப்புக் கருவி சரியாக ஓடுகிறதா, அதன் கணக்கு ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதப்படுகிறதா என்பதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

தொழில் வந்தபின் தண்ணீர் கெட்டதா, முன்பே கெட்டிருந்ததா? எல்லாச் சுற்றுச்சூழல் வழக்கிலும் எழும் கேள்வி இதுதான். நாகப்பட்டினம் பக்கம் 1990-களில் இறால் பண்ணைகள் வந்தபோது அதைச் சந்தித்தவர்கள் நிலமற்ற தலித் கூலித் தொழிலாளர்கள். கடல்நீரைக் கொண்டுவந்து வயலில் நிறுத்தினார்கள். பக்கத்துக் குடிநீர்க் கிணறுகள் உவர்த்தன. பண்ணைக்காரருக்குக் கிணறு தேவைப்படவில்லை. நடவு வேலை போனவர்களுக்குக் கிணறும் போனது. நிலமற்றவர்களுக்காக உழைத்துக்கொண்டிருந்த சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1996 டிசம்பர் 11-இல் வந்த தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் நிறுவனம் நேரில் போய்ச் சோதித்துக் கொடுத்த அறிக்கையின் மேல்தான் அந்தத் தீர்ப்பு நின்றது. மக்களின் வாய்ச்சொல் உண்மையாக இருந்தாலும் எண்கள் இல்லாமல் அது நீதிமன்றத்தில் நிற்காது.

ஸ்டெர்லைட் வழக்கும் அப்படித்தான் இழுத்தது. 2013-இல் 100 கோடி ரூபாய் அபராதம், 2018 மே மாதத் துப்பாக்கிச் சூடு, ஆலை மூடல், 2020-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, கடைசியாக 2024 பிப்ரவரி 29-இல் உச்ச நீதிமன்றம் ஆலையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது வரை நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கிணற்றில் எந்த ஆண்டில் என்ன அளவு என்ற வாதம் அத்தனை ஆண்டுகளும் ஓடியது. ஆலை வரும் முன்பே ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்திருந்தால்?

தாமிரபரணியைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் அந்த ஆறுதான் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் வழியாக நம் கரையோர ஊர்களின் குழாயிலும் வருகிறது. வழியில் நகரங்களின் சாக்கடையை வாங்கிக்கொண்டு வருகிறது. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து ஆற்றில் கழிவுநீர் கலப்பதைப் பார்வையிடும் நிலை. எங்களுக்கு அந்த ஆற்றோடு இன்னொரு உறவும் உண்டு. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த ஊர்வலம் தடியடிக்குத் தப்பி ஆற்றில் இறங்கியபோது 17 பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் ஆற்றில் பூத்தூவுகிறோம். அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம்.

ஆற்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பார்த்தோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரில் 69. ஊரெல்லாம் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆற்றங்கரை நீரேற்று நிலையங்கள் வெள்ளத்தில் சிக்க, குழாய்கள் நாள்கணக்கில் வறண்டன. சொந்தமாக ஆழ்குழாயும் மின்னாக்கியும் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். லாரி வரும் சாலை உடைந்த தெருக்கள் காத்திருந்தன.

எனவே மணப்பாடு, உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்து வாசகர்களுக்கு ஒரு வேலை. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதற்காகவே சேர்க்கப்பட்டது. கூட்டத்துக்கு முன்பே உங்கள் தெருவில் உள்ள ஒவ்வொரு கிணறு, கைப்பம்பு, கடைசிக் குழாய் ஆகியவற்றின் தண்ணீரையும் சோதித்துவிடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த ஐந்து பேர் யார், அதில் நம் தெருப் பெண் யாராவது உண்டா என்று முதலில் கேளுங்கள். பெட்டியில் ஒரு சிறு குப்பி இருக்கும். தண்ணீரை ஊற்றி வைத்து மறுநாள் அது கறுத்தால் கழிவு கலந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றவற்றுக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. கோடை முடிவில் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை. தேதி, இடம், உப்பின் அளவு, குளோரைடு, நைட்ரேட். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, தாளை நகல் எடுத்து மூன்று வீட்டில் வையுங்கள்.

கிராம சபையில் தீர்மானமாகப் பதியச் சொல்ல வேண்டியது இரண்டு. ஒன்று, இந்த எண்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். புகைபோக்கிக்கும் ஏவுதளத்துக்கும் முன்பு நம் தண்ணீர் எப்படி இருந்தது என்பதற்கு அரசு முத்திரையோடு அதுதான் சாட்சி. இரண்டு, ஒரே ஆதாரம் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டாவது ஆதாரம் வேண்டும். அது ஊர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நேர் இணைப்பாக இருக்கலாம், தேரி ஓரத்துப் பழைய கிணற்றைத் தூர்வாரிக் கொடுப்பதாக இருக்கலாம், பள்ளிக்கூடக் கூரை மழைநீரைப் பிடிக்கும் தொட்டியாகவும் இருக்கலாம். பணம் இல்லை என்று சொன்னால், பட்டியல் சமூக மேம்பாட்டு நிதியை வேறு செலவுக்குத் திருப்பாமல் இருக்கத்தான் 2024-இல் தமிழக சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது என்று நினைவூட்டலாம்.

தனித் தொட்டி கட்டித் தருகிறோம் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊர்த் தொட்டியிலிருந்தே குழாய் கேளுங்கள். போன மாதம் என் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். எண்பது வயதாகிறது அவளுக்கு. "ஊர்க் கெணத்துல நாம எறைக்க விடுவாவளா?" என்று கேட்டாள். அந்தக் கிணற்றை மூடிப் பத்து ஆண்டு ஆகிறது, அம்மாவுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் அவள் போவதே இல்லை.